காந்தத் தூளில் நான் கலந்த உப்பு

ஆய்வகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்து, எழுதாமலே பல வருஷங்களை ஓட்டிவிட்டேன். ஓய்வு பெற்ற வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். அதில் என் பேத்தி யானையாக வரைந்து முடித்துவிட்டாள். அடுத்த நோட்டு வாங்கியபோது கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. கண்ணாடி வந்தபோது ஆடி மாதம். ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆவணி பிறந்ததும் வேறொரு காரணம் பிறந்தது. காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமி கும்பிட்டு உட்காருவேன். தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. பிள்ளையார் சுழி மட்டும் போட்ட தாள்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. இந்தத் தாளில்தான் முதல் முறையாகச் சுழியைத் தாண்டி வந்திருக்கிறேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்பு, அதிலும் கணக்கை இரண்டாவது தடவை எழுதித்தான் தேறினேன். கயத்தாறு பக்கம் பிறந்து, கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். ஆலையை மூடிய பிறகு, பம்பு மோட்டார் தெரிந்த ஆள் வேண்டும் என்று நம் கல்லூரி இயற்பியல் துறையில் கேட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். தற்காலிகம் என்றால் அது எவ்வளவு காலம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் பேச்சியம்மாள் ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். எப்போதும்வென்றான் ஊர்க்காரி. வீட்டில் ஆடு வளர்ப்பும் கொஞ்சம் மானாவாரியும். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அவள் எடுத்துக்கொண்டது காந்தத் துகள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய இரும்பு ஆக்ஸைடு துகள்கள். சேர்ந்து கிடந்தால் கண்மை போல இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் இருக்க, செய்யும்போதே அவற்றின்மேல் எண்ணெய்ப் பசை போல ஒரு பூச்சு ஏற்றுவார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு வேறொரு நல்ல பூச்சுப் பூச வேண்டும். பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்து எடுக்க முடியாது, அதற்குத்தான் பிளாஸ்மா. கண்ணாடிக் குழாய்க்குள் தூளை வைத்து, காற்றைப் பம்பு போட்டு உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஆர்கானும் ஆக்ஸிஜனும் விட்டு மின்சாரம் கொடுத்தால், உள்ளே வாயு டியூப்லைட் மாதிரி ஒளிரும். அந்த ஒளிர்வு பசையை மட்டும் எரித்துக்கொண்டு போய்விடும். மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் எழுதினால் தப்பாக எழுதுவேன்.

முதல் நாளே நான் என் திறமையைக் காட்டினேன். பஞ்சாலையில் வால்வு என்றால் ஒரே திருகு. அதே வேகத்தில் இங்கேயும் திறந்தேன். சின்னப் பீங்கான் படகில் இருந்த தூள் முழுவதும் எழுந்து, குழாய் வழியாகப் போய்ப் பம்பின் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது. பேச்சி படகைப் பார்த்தாள், பம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மூணு வாரம் செஞ்சது அண்ணாச்சி. இனிமே டாக்டர் பட்டத்த அந்தப் பம்புக்குத்தான் குடுக்கணும்."

"பம்பு நல்லா ஓடுது தாயி" என்றேன். வேறென்ன சொல்ல.

அன்றிலிருந்து வால்வை, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல் திறக்கக் கற்றுக்கொண்டேன். வெளிச்சம் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தால் நல்லது, ரோஜா நிறம் ஓடினால் எங்கோ காற்றுக் கசிகிறது என்பதும் பிடிபட்டது. ஒரு வருஷத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஆய்வகம் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால், விளக்கம் சொல்ல வேண்டிய பேச்சி ஓரமாக நிற்பாள்; நான் நடுவில் நின்று, "இங்கன நான்தான் துகளுக்கெல்லாம் குளிப்பாட்டுதேன்" என்பேன்.

குளிப்பாட்டியதில்தான் வந்தது வினை.

தூள் செய்யும்போது கூடவே உப்பும் உண்டாகும். பிளாஸ்மாவுக்குள் வைப்பதற்கு முன்னால், காய்ச்சி வடித்த தண்ணீரில் அதை ஆறேழு தடவை கழுவ வேண்டும். பீக்கருக்கு அடியில் காந்தம் வைத்தால் கறுப்பு முழுவதும் கீழே போய் ஒட்டிக்கொள்ளும்; மேலே தெளிந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதல் வருஷம் முழுவதும் பேச்சிதான் கழுவினாள். அந்த வருஷம் அவளுக்கு நல்ல பலன்கள் வந்தன. புதுப் பூச்சு ஏறிய தூளைத் தண்ணீரில் கலந்து பாட்டிலில் வைத்தால், எழுதுகிற மை மாதிரி வாரக் கணக்கில் அப்படியே நிற்கும். பூச்சு ஒட்டவில்லை என்றால் ஒரு நாளிலேயே தூள் அடியில் உட்கார்ந்துவிடும். அவளுடைய பாட்டில்கள் எல்லாம் நின்றன.

இரண்டாம் வருஷம் அவளுக்கு வகுப்பு எடுக்கும் வேலையும் வந்தது. "கழுவறத மட்டும் நீங்க பாத்துக்கிடுதீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "இதெல்லாம் ஒரு வேலையா தாயி" என்றேன்.

அந்தக் கோடை எப்படிப்பட்ட கோடை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று சொல்லத் தெரிந்தவர் இல்லை. எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரில் காய் கழுவி, அதில் பாத்திரம் அலசி, கடைசியில் முருங்கைக்கு ஊற்றுவாள் என் வீட்டுக்காரி. நம் பக்கத்து மனிதர்கள் எல்லாரும் இப்படி வளர்ந்தவர்கள்தான். கல்லூரிக் கிணறும் அடியைத் தொட்டிருந்தது. ஒரு குடம் வடிநீர் எடுக்கக் குளிரவைக்கும் குழாயில் பல குடம் ஓடிப் போகும். துறைத் தலைவர், "தண்ணியப் பாத்துப் புழங்கும்வே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பார்த்தேன். ஆறாவது தடவை கழுவிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இதைப் போய்க் கொட்டுவதா? கை வரவில்லை. ஒரு கேனில் பிடித்து வைத்து, அடுத்த ஈட்டுக்கு முதல் கழுவலாக ஊற்றினேன். இட்லிக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு தடவை செய்வதையும் ஈடு என்றுதான் நாங்கள் சொல்லுவோம். நாலைந்து வாரத்தில் என் சாமர்த்தியம் வளர்ந்தது. ஐந்தாவது தண்ணீரும் தெளிவாகத்தானே இருக்கிறது, நாலாவதும் அப்படித்தான். போகப் போக எல்லாக் கழுவலும் கேன் தண்ணீரிலேயே நடந்தது. கடைசிக்கு மட்டும் ஒரு வாய் புதுத் தண்ணீர். கழுவிய தண்ணீர் திரும்பவும் கேனுக்கே போகும். துறைக் கூட்டத்தில், ஆய்வகத்தில் தண்ணீர்ச் செலவு பாதியாகிவிட்டது என்று என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். நானும் நின்றேன்.

உப்புக் கரைந்த தண்ணீரும் தெளிந்துதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? கடல் தண்ணீரைப் பார்க்காதவனா நான்? தெரியும். நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பிளாஸ்மா பசையை எரிக்கும், உப்பை எரிக்காது; உப்பு மிச்சமிருந்தால் புதுப் பூச்சு ஒட்டாது. பேச்சியின் பாட்டில்கள் உட்கார ஆரம்பித்தன. ஒரு ஈடு, இரண்டு ஈடு, நாலு ஈடு. காலையில் வந்து பார்த்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கறுப்பு. இதில் வேடிக்கை, பிளாஸ்மா முடிந்ததும் நாங்கள் பார்க்கிற ஒரு சோதனை உண்டு. தூளை வில்லையாக அழுத்தி, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்போம். பசை மிச்சமிருந்தால் சொட்டு முத்தாக நிற்கும், போய்விட்டால் பரவிவிடும். என் வில்லைகளில் முன்னைவிட வேகமாகப் பரவியது. உப்பு இருந்தால் அது தண்ணீரை இழுக்காமல் என்ன செய்யும்? நான் அதைப் பார்த்து, "என் கைக்குத் துப்புரவு கூடிட்டு தாயி" என்று பெருமைப்பட்டேன். தம்பிகளே, ஒரு சோதனையின் முடிவு உங்களைப் பாராட்டுவதுபோல் இருந்தால், அன்றைக்கு மட்டும் அதைக் கொஞ்சம் முறைத்துப் பாருங்கள்.

பேச்சியின் வழிகாட்டிப் பேராசிரியரை எல்லாரும் பெரிய சார் என்போம். கெட்டவர் இல்லை, ஆனால் நம்பிக்கை போய்விட்டால் திரும்பக் கொண்டுவர முடியாத மனிதர். முதல் வருஷத்துப் பலன் ஏன் இப்போது வரவில்லை என்று கேட்டார். வெளியூரில் ஒரு பெரிய ஆய்வகத்துக்குத் தூளை அனுப்பிப் பார்த்தார்கள். துகளின் மேல்பரப்பில் பசை இல்லை, ஆனால் சோடியம் இருக்கிறது என்று அறிக்கை வந்தது.

"உப்பு எங்கேயிருந்தோ வருது அண்ணாச்சி" என்றாள் பேச்சி.

"விடமாட்டேன் தாயி, கண்டுபிடிச்சிருதேன்" என்றேன் நான்.

அவள் ரசாயனப் பாட்டில்களை மாற்றினாள். வாயு உருளையை மாற்றினாள். கையுறை இல்லாமல் படகைத் தொடுவதையே விட்டாள். நான் என் பங்குக்குத் திருடனைத் தேடினேன். அடுத்த அறையில் ஆசீர் சார் என்று ஒரு இளம் விரிவுரையாளர். காலை பத்தரை மணிக்கு ஒரு பொட்டலம் காரச்சேவு தின்னாமல் அவருக்கு வகுப்பு எடுக்க வராது. பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. ஒரு அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினேன்: "இங்கே தின்பண்டம் தின்னக் கூடாது. உப்புப் பறக்கும்."

ஆசீர் சார் வாசித்தார். "உப்பு பறக்குமா அண்ணாச்சி?"

"நானோ உப்பு பறக்கும் சார்."

பாவம், அந்த மனிதர் அடுத்த ஒரு மாதம் வேப்பமரத்தடியில், வெயிலில் நின்றுகொண்டு சேவு தின்றார். பாட்டில்கள் தொடர்ந்து உட்கார்ந்தன.

பெரிய சார் ஒரு நாள் பேச்சியைக் கூப்பிட்டு, முதல் வருஷத்துக் கணக்குகளை எந்த நோட்டில் எழுதினாள், யார் பார்த்தார்கள் என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இல்லாத பலனை அவள் எழுதியிருக்கிறாள் என்று அவர் நினைக்கிறார். துறையில் நாலு பேர் கிசுகிசுத்தார்கள். பட்டம் போவது ஒரு பக்கம். பொய் எழுதினவள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அவள் எந்த ஊர் ஆய்வகத்துக்குப் போனாலும் அது கூடவே வரும்.

அப்படி இருந்த ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கேனைத் தூக்கும்போது கொஞ்சம் மேடைமேல் சிந்திவிட்டது. மறுநாள் காலை செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வேலைக்கு வந்தேன். கறுப்புக் கடப்பாக்கல் மேடையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. போர்வெல் தண்ணீர் பாய்ச்சிய கரிசலில் பூக்குமே, அதே வெள்ளை. விரலால் தொட்டேன். நீங்கள் ஒருநாளும் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன்: நாக்கில் வைத்தேன்.

உப்புக் கரித்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்த நிமிஷம் எழுந்து போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இங்கேயே முடிந்திருக்கும். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போதுதான் முதல்வர் அறைவரை போயிருந்தது. எனக்குப் பேச்சி ஞாபகம் வரவில்லை; கோப்புத்தான் ஞாபகம் வந்தது. கேனைக் கொட்டிவிடலாம் என்று தூக்கிக்கொண்டு தொட்டிவரை போனேன். அந்தக் கோடையில் ஒரு கேன் தண்ணீரைக் கொட்டக் கை வரவில்லை. குற்றத்தை மறைக்கிற நேரத்தில்கூடச் சிக்கனம் போகவில்லை, பாருங்கள். பழைய பாட்டரிகள் கிடக்கிற அலமாரிக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்தேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. யாருக்கும் சொல்ல வேண்டாம். அடுத்த ஈட்டைப் புதுத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டால் போயிற்று. தூள் சரியாகிவிடும், பேச்சி சந்தோஷப்படுவாள், உப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அன்று சாயங்காலமும் கோயிலுக்குப் போனேன். "தாயே, தப்பு சரியாகணும். செஞ்சது யாருன்னு மட்டும் தெரியாமப் பாத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டு, மாவிளக்கு போடுவதாகவும் சொன்னேன். அவ்வளவு வருஷம் சாமி கும்பிட்டவன் வைத்த வேண்டுதல் அது. எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

ஆறேழு தடவை புதுத் தண்ணீர் மாற்றிக் கழுவினேன். பிளாஸ்மா கத்திரிப்பூவாக ஒளிர்ந்தது. புதன்கிழமை காலை பாட்டிலைப் பார்த்தால், மேலிருந்து அடிவரை ஒரே கறுப்பு. மை மாதிரி நின்றது. பேச்சி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பெரிய சாரிடம் ஓடினாள். அம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அரை மணியில் அவள் திரும்பி வந்தாள். பாட்டிலை மேடையில் வைத்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தாயி சொன்னாவ?"

"நாலு தடவ வரல, ஒரு தடவ வருது, அதுவும் என்ன மாத்துனேன்னு எனக்கே தெரியல. வந்தத மட்டும் பொறுக்கி எழுதித்தான் போன வருசமும் காட்டுனியான்னு கேக்காவ அண்ணாச்சி." பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினாள். "சனிக்கிழமை ஆய்வுக் குழுவக் கூப்பிட்டிருக்காவ. முதல் வருசத்துப் பலன நம்ப முடியாதுன்னு நானே எழுதிக் குடுக்கணுமாம். குடுத்துட்டா விட்டிருவாவளாம்."

நான் தப்புச் செய்தபோது அவளுக்கு வேலைதான் கெட்டது. நான் ரகசியமாகத் திருத்தியதும் பெயரே கெட்டுவிட்டது. தப்பைச் சொல்லாமல் திருத்துவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். காரணம் தெரியாமல் சரியான ஒன்றை இன்னொருவர் கையில் கொடுத்தால், அவர் அதற்கு என்ன காரணம் சொல்லுவார்?

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிடுகிற நேரத்தில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

"ஊருல எங்க அய்யாட்ட என்னன்னு சொல்ல? அவியளுக்குத் துகள் தெரியாது, பிளாஸ்மா தெரியாது. மக பொய் எழுதுனான்னா அது மட்டும் தெரியும்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நான் பொய் எழுதலன்னு நீங்களாவது நம்புதீங்களா அண்ணாச்சி?"

என் வாய் நிறையத் தயிர்ச்சோறு. "நம்புதேன் தாயி" என்றேன்.

"நீங்க ஒருத்தர் நம்புனாப் போதும்" என்று எழுந்து போனாள்.

மிச்சச் சோற்றையும் தின்றுவிட்டு டப்பாவைக் கழுவினேன்.

சனிக்கிழமை துறைத் தலைவர் அறையில் கூடினார்கள். பெரிய சார், தலைவர், திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். மேசையில் அவள் கையெழுத்துக்காகத் தட்டச்சு செய்து வைத்த தாள். பேச்சி கையில் பேனா. நான் தட்டில் டீயோடு உள்ளே போனேன். கூட்டத்துக்கு டீ கொண்டு போவதும் என் வேலைதான். பேனா மூடியை அவள் கழற்றினாள். என்ன தைரியம் என்று கேட்காதீர்கள். தைரியம் ஒன்றும் இல்லை. தட்டில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஆடிச் சத்தம் போட்டு, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

"உப்பு நான் போட்டது சார்."

திருநெல்வேலிக்காரர் டீயைப் பார்த்தார். "டீயிலயா?"

"இல்ல சார். தூளுல."

"என்னவே சொல்லுதீரு?" என்றார் பெரிய சார்.

தட்டை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேன், கோடை, தெளிந்த தண்ணீர், கடப்பாக்கல் வெள்ளை. முதலில் பேச்சிதான் மெதுவாகக் கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சது அண்ணாச்சி?"

"இன்னைக்குக் காலைலதான் தாயி. வந்து பாத்தேன், வெள்ளையாக் கெடந்துச்சு."

"அப்போ போன ஈடு மட்டும் எப்படிவே நல்லா வந்துச்சு?" என்றார் பெரிய சார்.

"கேன எங்கயோ மாத்தி வச்சிட்டேன் சார். அன்னைக்கு அகப்படல. அதான் புதுத் தண்ணி."

உண்மையைச் சொல்ல வந்த வாயிலேயே இதுவும் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை, தும்மல் மாதிரி வந்தது. எல்லாரும் நம்பினார்கள். முக்கால்வாசி உண்மைக்கு நடுவில் வைத்த பொய்யை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

பெரிய சார் தாளை மடித்தார். "வாயால சொன்னாப் போதாது. செஞ்சு காட்டணும்" என்றார். திருநெல்வேலிக்காரர் வழி சொன்னார். ஆறு பீக்கரில் தூள். எதற்குக் கேன் தண்ணீர், எதற்குப் புதுத் தண்ணீர் என்று அவரே ஊற்றி, ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டித் தலைவரிடம் கொடுத்துவிட்டார். எது எது என்று எனக்கும் தெரியாது, பேச்சிக்கும் தெரியாது. மற்ற வேலையெல்லாம் நாங்கள் வழக்கம்போல் செய்தோம். அந்த வாரம் நான் அம்மனிடம் எதுவும் கேட்கவில்லை. போய் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆறு பாட்டில்களையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்தார்கள். மூன்று உட்கார்ந்திருந்தன. மூன்று மையாக நின்றன. உறையைப் பிரித்தார்கள். உட்கார்ந்த மூன்றும் கேன் தண்ணீர், நின்ற மூன்றும் புதுத் தண்ணீர்.

பெரிய சார் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பேச்சி, நீ எழுதுனது எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்." மடித்து வைத்திருந்த அந்தத் தாளை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீரு பெரிய ஆளுவே. இவ்வளவு சீரா ஒரு தப்பச் செய்ய எங்களாலயே முடியாது" என்றார். உண்மைதான். ஏதோ ஒரு நாள் புதுத் தண்ணீர், ஒரு நாள் பழையது என்று நான் மாற்றி மாற்றிச் செய்திருந்தால், காரணத்தை ஒருகாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆசீர் சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பொட்டலத்தை நீட்டி, "நானோ உப்புத்தான், தைரியமாச் சாப்பிடுங்க" என்றார்.

என் வேலை போகவில்லை. நிரந்தரமும் ஆனேன். பேச்சி பட்டம் வாங்கினாள். அவளுடைய ஆய்வேட்டில் கழுவும் தண்ணீரைப் பற்றியே ஒரு பகுதி இருக்கிறது. அச்சிடுவதற்கு முன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். "கேன் தற்செயலாக இடம் மாறியிருந்ததால், ஒரு ஈடு மட்டும் புதிய நீரில் கழுவப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. "சரியா அண்ணாச்சி?" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

பொய் எழுதினாள் என்று பெயர் கெட்டு நின்ற பெண் அவள். அவள் எழுதிய அத்தனை பக்கத்திலும் உண்மை இல்லாத வரி ஒன்றே ஒன்று. அது நான் சொல்லி அவள் எழுதியது. அவளுக்கு அது தெரியாது.

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, தப்புத் தெரிந்த அந்த நிமிஷமே ஓடி வந்து ஒப்புக்கொண்டவர் என்று பேசினார்கள். குனிந்து கேட்டுக்கொண்டேன். இப்போது பேச்சி வெளியூரில் பேராசிரியை. தன் மாணவர்களிடம் எங்கள் அண்ணாச்சி எப்படிப்பட்டவர் தெரியுமா என்று என்னைப் பற்றிச் சொல்லுவாளாம். அவளுக்கு மூன்று தடவை கடிதம் எழுதினேன். மூன்றிலும் நலம் விசாரித்து, அங்கே மழை உண்டா என்று கேட்டு முடித்துவிட்டேன். ஒரு ஆளுக்கு எழுத வராதது, நாலு பேருக்கு எழுதினால் வரும்போல் இருக்கிறது. இதன் முதல் படி இன்று அவளுக்குத்தான் தபாலில் போகிறது. அந்த வரியை எப்படித் திருத்துவது என்று அவளுக்குத் தெரியும்.

உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் சேர்க்க வேண்டாம். வேலை போய்விடும் என்று பயந்திருப்பார், பிள்ளைகுட்டிக்காரர் என்று காரணம் சொல்ல வேண்டாம். கேனில் உப்பு என்று எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் வாய் திறந்தது அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை. நடுவில் எட்டு நாள். அதை ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள். எட்டு நாள் எட்டு நாளாகவே இருக்கட்டும்.